‘டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்!’ – லாக் சர்வருக்கு எல்லை வைப்பது எப்படி?

(கம்ப்யூட்டர் இன்ஜினியரிங், மூன்றாம் ஆண்டு)



திண்டிவனத்தில் காலை பஸ் பிடித்து விழுப்புரம் காலேஜுக்கு வருகிற கூட்டத்தில் நானும் ஒருவன். பஸ்ஸுக்குள் ஒரு வாசகம் எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அமர்ந்து செல்வோர் இத்தனை பேர், நின்று செல்வோர் இத்தனை பேர் என்று. முதல் பீரியட் அட்டென்டன்ஸ் போய்விடுமே என்ற அவசரத்தில் அதை யார் படிக்கிறோம்? கண்டக்டரும் ‘உள்ளே போங்க, உள்ளே போங்க’ என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு விசில் கொடுத்துவிடுவார்.

லினக்ஸ் அப்படிப்பட்ட கண்டக்டர் இல்லை. போர்டில் 1024 என்று இருந்தால் 1025-ஆவது ஆளுக்கு இடம் கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது. இது தெரியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நம் பாடத்திட்டத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் ‘ரிசோர்ஸ் அலோகேஷன்’ என்று படித்து, ஐந்து மார்க்குக்கு எழுதிவிட்டு வந்தவர்கள்தானே நாம்!

முதலில் லாக் என்றால் என்ன? ஒரு கம்ப்யூட்டரில் யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எந்த புரோகிராம் ஓடியது, எது தகராறு பண்ணியது என்று சிஸ்டம் தானாகவே எழுதி வைக்கிற டைரி. இந்த வழக்கத்துக்கு ஒரு ஒழுங்கு கொண்டுவந்தவர் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த எரிக் ஆல்மன். 1980-களில் தன்னுடைய சென்ட்மெயில் என்ற மெயில் புரோகிராமுக்காக அவர் எழுதிய சிஸ்லாக்தான் இன்றைக்கும் அடிப்படை. ஒவ்வொரு மெஷினும் தன் டைரியைத் தானே வைத்துக்கொண்டால், அந்த மெஷினில் புகுந்த திருடன் முதலில் டைரியைத்தான் கிழிப்பான். அதனால் எல்லா மெஷின்களும் தங்கள் வரிகளை நெட்வொர்க் வழியாக வேறொரு மெஷினுக்கு அனுப்பி வைக்கும். அதுதான் லாக் சர்வர்.

இது ஆசைக்கு வைத்துக்கொள்கிற வசதி மட்டும் இல்லை. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 28-4-2022 அன்று வெளியிட்ட உத்தரவில், கம்பெனிகளும் அரசு அலுவலகங்களும் தங்கள் சிஸ்டம்களின் லாகை 180 நாட்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. சைபர் சம்பவம் ஏதாவது நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும்.

இனி என் கதை. பயிற்சிக்காக நானும் என் பாட்ச் நண்பர்கள் இரண்டு பேரும் திண்டிவனம் பக்கம் ஒரு தனியார் அலுவலகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். மொத்தம் 40 கம்ப்யூட்டர்கள். அங்கிருந்த சிஸ்டம்ஸ் சார், ‘தம்பி, ஒரு பழைய மெஷின் சும்மா கிடக்கு. அதுல ஒரு லாக் சர்வர் போட்டுக் குடுங்க பாப்போம்’ என்றார். எங்களுக்கு ஒரே குஷி! ஆர்-சிஸ்லாக் போன்ற தயார் சரக்கு இலவசமாகக் கிடைக்கும்போது அதைப் பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் ‘நாங்களே எழுதியது’ என்று போட்டுக்கொள்ள வேண்டுமே. பைத்தானில் ஒரு ரிசீவர் எழுதினோம். மெஷினுக்கு ஒரு ஃபைல், அதிலும் புரோகிராமுக்குத் தனி ஃபைல், தேதிக்குத் தனி ஃபைல். தேடுவதற்குச் சுலபமாக இருக்கும் என்று நினைப்பு.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வோம். ஒரு புரோகிராம் ஒரு ஃபைலைத் திறந்தால் ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த ஃபைலையே தூக்கி அதன் கையில் கொடுப்பதில்லை. ஒரு நம்பர் கொடுக்கும். மேல்மலையனூரில் அமாவாசை அன்று செருப்பை விட்டால் டோக்கன் தருவார்கள் இல்லையா, அதே மாதிரி. இதற்கு ஃபைல் டிஸ்க்ரிப்டர் என்று பெயர். ஃபைலுக்கு மட்டும் இல்லை, நெட்வொர்க்கில் வந்து சேருகிற ஒவ்வொரு இணைப்புக்கும் இதே டோக்கன்தான். வேலை முடிந்ததும் டோக்கனைத் திருப்பிக் கொடுக்கணும். கொடுக்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனால் ஸ்டாண்டில் டோக்கன் தீர்ந்துபோகும். பிறகு வருகிறவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஒரு புரோகிராமுக்கு அதிகபட்சம் எத்தனை டோக்கன் என்பதுதான் எல்லை. 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இது வெறும் 20. 1983-இல் பெர்க்லி யூனிக்ஸின் 4.2 பதிப்பு வந்தபோது, ஒவ்வொரு வளத்துக்கும் இரண்டு எல்லைகள் என்ற ஏற்பாடு வந்தது. ஒன்று சாஃப்ட் லிமிட். இப்போது அமலில் இருப்பது இதுதான். இன்னொன்று ஹார்ட் லிமிட். புரோகிராம் விரும்பினால் தன் சாஃப்ட் லிமிட்டை ஹார்ட் லிமிட் வரைக்கும் தானே உயர்த்திக்கொள்ளலாம். அதைத் தாண்ட ரூட் அதிகாரம் வேண்டும். லினக்ஸில் ஓபன் ஃபைல்களுக்கு வழக்கமான சாஃப்ட் லிமிட் 1024.

இதெல்லாம் ஒரு புத்தகத்தில் அரைகுறையாகப் படித்திருந்தேன். எனவே உஷாராக, ஈடிசி டைரக்டரியில் செக்யூரிட்டி என்பதற்குள் இருக்கும் லிமிட்ஸ்.கான்ஃப் என்ற ஃபைலைத் திறந்து, எங்கள் யூசர் பெயருக்கு நேரே நோஃபைல் 65535 என்று சாஃப்ட், ஹார்ட் இரண்டுக்கும் எழுதினேன். லாக்-அவுட் பண்ணி மறுபடி உள்ளே வந்து யூலிமிட் -என் அடித்தேன். 65535 என்று காட்டியது. (கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கீபோர்டில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.) ரிசீவரை டெர்மினலில் ஓடவிட்டு ஒரு நாள் டெஸ்ட் பண்ணினோம். பிரமாதம்! பிறகு மெஷின் ஆன் ஆனதும் தானாக ஓடும்படி சிஸ்டம்-டி சர்வீஸாக மாற்றி, திங்கட்கிழமை காலையில் ஸ்டார்ட் பண்ணிவிட்டு, ‘முடிஞ்சுது சார்’ என்று சொல்லிவிட்டோம். ஸ்டேட்டஸ் கேட்டால் பச்சை எழுத்தில் ‘ஆக்டிவ், ரன்னிங்’.

அடுத்த வாரம் புதன்கிழமை அந்த அலுவலகத்தில் ஒரே சத்தம். முந்தைய நாள் சாயங்காலம் யாரோ ஒரு பில்லில் தொகையைக் குறைத்திருக்கிறார்கள். என்ட்ரி விழுந்திருப்பது தற்காலிகமாக வேலைக்கு வந்திருந்த ஒரு அக்காவின் லாகினில். அவங்களோ, ‘நான் அஞ்சரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன் சார், என் பாஸ்வேர்டு இங்க நாலு பேருக்குத் தெரியும்’ என்று அழுகிறார்கள். உண்மைதான், பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருந்தது. சிஸ்டம்ஸ் சார் எங்களைக் கூப்பிட்டார். ‘தம்பி, லாக் சர்வர் இருக்கே! எந்த மெஷின்லேருந்து அந்த லாகின் வந்ததுன்னு பாத்துச் சொல்லுங்க.’

ரொம்ப நம்பிக்கையோடு டைரக்டரியைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை தேதியில் ஒரு ஃபைல்கூட இல்லை. திங்கள் இல்லை. வெள்ளியும் இல்லை. கடைசியாக எழுதியது முந்தின வாரம் வியாழன் காலை. அதுவும் ஆறேழு மெஷின்களின் வரிகள் மட்டும். சர்வீஸோ அப்போதும் பச்சையாகவே இருந்தது.

‘லிமிட் எல்லாம் ஏத்தித்தான் வெச்சேன் சார்’ என்று சொல்லி, யூலிமிட் -என் அடித்துக் காட்டினேன். 65535! அப்புறம் ஜர்னலைத் திறந்து பார்த்தால் ‘டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்’ என்று ஆயிரக்கணக்கான வரிகள். அதிகமாக வந்ததால் ஜர்னலே நடுநடுவில் வரிகளை விட்டுவிட்டிருந்தது. முப்பது நொடியில் ஒரு சர்வீஸ் 10,000 வரிக்கு மேல் அடித்தால் மிச்சத்தைத் தள்ளிவிடுவது அதன் வழக்கம். அது தனக்கு வைத்துக்கொண்டிருக்கிற எல்லை!

என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 மெஷின், ஒவ்வொன்றிலும் சுமாராக 8 புரோகிராம். ஒரு நாளைக்கு 320 ஃபைல். நாங்கள் எழுதிய புரோகிராம் ஒரு ஃபைலைத் திறந்தால் அதை ஒரு டிக்‌ஷனரியில் போட்டு வைத்துக்கொள்ளும். தேதி மாறியதும் பழையதை மூடணும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. திங்கள் 320, செவ்வாய் முடிவில் 640, புதன் முடிவில் 960. வியாழன் காலை அலுவலகம் திறந்து மெஷின்களை ஒவ்வொன்றாக ஆன் பண்ணுகிறார்கள். மெஷினுக்கு ஒரு இணைப்பு, எட்டு ஃபைல், ஆக ஒன்பது டோக்கன். மிச்சம் இருந்ததே அறுபது சொச்சம். ஏழாவது மெஷினோடு 1024 நிறைந்துவிட்டது. டெஸ்ட் பண்ணியது ஒரே ஒரு நாள் என்பதால் இது கண்ணில் படவே இல்லை. எர்ரர் வந்தால் பிரின்ட் பண்ணிவிட்டுத் தொடர்ந்து ஓடு என்று எழுதி வைத்திருந்தோம். அதனால் செத்தும் விழாமல், வேலையும் செய்யாமல், பச்சை விளக்கோடு நின்றுகொண்டிருந்தது.

அது சரி, 65535 எங்கே போச்சு? இதுதான் நண்பர்களே, முக்கியமான இடம். லிமிட்ஸ்.கான்ஃப் ஃபைலைப் படிப்பது பி.ஏ.எம். என்கிற லாகின் ஏற்பாடு. ஒரு மனிதன் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே வரும்போதுதான் அது அந்த ஃபைலைப் பார்த்து எல்லையை வைக்கும். சர்வீஸ் அப்படி வருவதில்லை. சிஸ்டம்-டி அதை நேராகக் கிளப்பிவிடுகிறது, வாசல் வழியாக வரவே இல்லை. வாசலில் ஒட்டிய நோட்டீஸ் அதற்கு எப்படித் தெரியும்? நான் அடித்துக் காட்டியது என் டெர்மினலின் எல்லை. ரிசீவரின் எல்லை 1024-தான். (இன்னொரு தகவல்: அந்த ஃபைலில் எல்லோருக்கும் என்று நட்சத்திரக் குறி போட்டால் அது ரூட்டுக்குப் பொருந்தாது. இதிலும் பலர் ஏமாறுகிறார்கள்.)

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் உண்மையான எல்லையைப் பார்க்க ஒரு இடம் இருக்கிறது. ப்ராக் டைரக்டரிக்குள் அந்த புரோகிராமின் பி.ஐ.டி. நம்பரில் ஒரு டைரக்டரி இருக்கும். அதில் லிமிட்ஸ் என்ற ஃபைலை கேட் போட்டுப் படியுங்கள். மேக்ஸ் ஓபன் ஃபைல்ஸ் என்ற வரியில் சாஃப்ட், ஹார்ட் இரண்டும் இருக்கும். பக்கத்திலேயே எஃப்டி என்று ஒரு டைரக்டரி. அதை எல்.எஸ். போட்டு டபிள்யூசி -எல் வழியாக எண்ணினால் இப்போது எத்தனை டோக்கன் வெளியே இருக்கிறது என்று தெரியும். இந்த இரண்டு எண்களையும் நான் அந்தத் திங்கட்கிழமை மாலையும் செவ்வாய் மாலையும் பார்த்திருந்தால், 320, 640 என்று ஏறுவதைப் பார்த்தே பிடித்திருப்பேன்.

சர்வீஸுக்கு எல்லை வைக்கும் முறை இது. சிஸ்டம்-சி-டி-எல் எடிட் என்று அடித்து சர்வீஸ் பெயரைக் கொடுத்தால் ஒரு ஃபைல் திறக்கும். அதில் சதுர அடைப்புக்குள் சர்வீஸ் (முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து) என்று ஒரு வரி. அடுத்த வரியில் லிமிட்நோஃபைல், சமக்குறி, எண். (எல் பெரிய எழுத்து, நோஃபைல் என்பது முழுக்கப் பெரிய எழுத்து.) ஒரு எண் கொடுத்தால் சாஃப்ட், ஹார்ட் இரண்டுக்கும் அதுவே. தனித்தனியாக வேண்டுமானால் நடுவில் முக்காற்புள்ளி. பிறகு ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட் பண்ணாமல் ஓடுகிற புரோகிராமுக்கே உடனடியாக உயர்த்த பிஆர்லிமிட் என்று ஒரு கட்டளை உண்டு. அவசரத்துக்கு நல்லது, ஆனால் அடுத்த ரீஸ்டார்ட்டில் மறைந்துவிடும்.

எவ்வளவு வைப்பது? ‘எதுக்கு வம்பு, இன்ஃபினிட்டி போட்டுடு’ என்றான் நண்பன். நானும் அப்படித்தான் நினைத்தேன். சிஸ்டம்ஸ் சார் ஒரு கேள்வி கேட்டார்: ‘65535 சரியா விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்?’ 65535-ஐ 320-ஆல் வகுத்தால் 204 நாள். அதாவது நான்காம் நாள் நின்ற சர்வர் ஏழாம் மாதம் நின்றிருக்கும். நாங்கள் பாஸாகிப் போயிருப்போம். அந்த ரிசீவர் என்ன, யார் எழுதியது என்றுகூடத் தெரியாத ஒருவர் தலையில் விடிந்திருக்கும். ஃபைலை மூடாதது எங்கள் தப்பு. எல்லையை உயர்த்துவது அந்தத் தப்பைத் தள்ளிப் போடுமே தவிர, திருத்தாது.

அதனால் முதலில் புரோகிராமைத் திருத்தினோம். தேதி மாறினால் பழைய ஃபைல்கள் மூடப்படும். பிறகு கணக்கு: 320 ஃபைல், 40 இணைப்பு, சில்லறை. நள்ளிரவில் பழையதும் புதியதும் கொஞ்ச நேரம் சேர்ந்திருக்கலாம் என்று இரண்டு மடங்கு. நாளைக்கு 80 மெஷின் ஆகலாம் என்று இன்னொரு இரண்டு மடங்கு. சுமார் 1500. எனவே 4096 வைத்தோம். மறுபடி எங்காவது ஓட்டை விழுந்தாலும் 12 நாளில் முட்டி நிற்கும், யாராவது கவனிப்பார்கள். இதைவிட முக்கியம், டோக்கன் தீர்ந்தால் பிரின்ட் பண்ணிக்கொண்டு நிற்காமல் புரோகிராம் உடனே செத்து விழும்படி மாற்றினோம். அப்போதுதான் பச்சை சிவப்பாகும். பெரிய மென்பொருள்களில் இந்தப் புத்தி ஏற்கெனவே இருக்கிறது. லாகைத் தேடுவதற்குப் பயன்படும் எலாஸ்டிக்சர்ச் 65,535 ஓபன் ஃபைல்கள் கேட்கும். மெமரி மேப் எண்ணிக்கை குறைந்தது 2,62,144 கேட்கும். கெர்னலின் வழக்கமான மதிப்போ 65,530. நெட்வொர்க் சர்வராக ஓடும்போது இவை இல்லையென்றால் அது ஸ்டார்ட் ஆகவே மறுத்துவிடும். முதலில் எரிச்சலாக இருக்கும். எங்கள் கதைக்குப் பிறகு எனக்கு எரிச்சல் வருவதில்லை.

இன்ஃபினிட்டி போடுவதில் வேறு கோளாறும் உண்டு. சில பழைய புரோகிராம்கள் புது வேலையைக் கிளப்பும் முன் தன்னிடம் இருக்கக்கூடிய எல்லா டோக்கனையும் ஒன்றிலிருந்து கடைசி நம்பர் வரை மூடிப் பார்க்கும். கடைசி நம்பர் 1024 என்றால் கண் இமைக்கும் நேரம். நூறு கோடி என்றால்? சி.பி.யு. கொதித்துப் போகும். செலக்ட் என்ற பழைய சிஸ்டம் காலோ 1024-க்கு மேற்பட்ட நம்பரைக் கையாளவே தெரியாதது. இதனால்தான் சிஸ்டம்-டி 2018-இல் ஹார்ட் லிமிட்டை 5,24,288 ஆக உயர்த்தியபோதும் சாஃப்ட் லிமிட்டை 1024-லேயே விட்டுவைத்தார்கள்.

ஆபரேட்டிங் சிஸ்டம் வழிவிட்டாலும் மென்பொருளே தனக்கு ஒரு கேட் போட்டிருக்கும். பொங்கல் லீவில் விக்கிரவாண்டி டோல்கேட்டைப் பார்த்திருப்பீர்கள். ரோடு அகலமாகத்தான் இருக்கிறது, நிற்பது கேட்டில். ஆர்-சிஸ்லாகில் டி.சி.பி. வழியாக வரும் இணைப்புகளுக்கு அது தானே வைத்திருக்கும் எல்லை 200. நாம் லினக்ஸில் லட்சம் வைத்தாலும் 201-ஆவது மெஷினை அது சேர்த்துக்கொள்ளாது. மேக்ஸ்செஷன்ஸ் என்ற அமைப்பை மாற்றணும்.

நம்ம ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை, கரண்ட் கட். மெஷின் முறையாக ஷட்டவுன் ஆனால் இணைப்பு மூடப்பட்டு டோக்கன் திரும்பிவிடும். படக்கென்று கரண்ட் போனால் லாக் சர்வருக்கு எதிர்முனை செத்தது தெரியாது. ‘இருக்கிறார், பேசாமல் இருக்கிறார்’ என்று நினைத்து டோக்கனைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கீப்அலைவ் வசதியை புரோகிராமில் ஆன் பண்ண வேண்டும். அப்போதும் லினக்ஸ் வழக்கப்படி முதல் விசாரிப்பே 7200 நொடி, அதாவது இரண்டு மணி நேரம் கழித்துத்தான். நாங்கள் 300 நொடியாகக் குறைத்தோம்.

டிஸ்க்கையும் மறக்கக்கூடாது. ஒரு மெஷின் நாளைக்கு 5 எம்.பி. எழுதுகிறது என்று வைத்துக்கொண்டால் 40 மெஷினுக்கு 200 எம்.பி. 180 நாளைக்கு 36 ஜி.பி. இடம் இருந்தது. ஆனால் நாளைக்கு 320 ஃபைல் வீதம் 180 நாளில் 57,600 ஃபைல். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோட் வேண்டும். இடம் மீதி இருந்தும் ஐநோட் தீர்ந்தால் ‘டிஸ்க்கில் இடமில்லை’ என்றுதான் சொல்லும். டிஎஃப் -ஐ அடித்துப் பாருங்கள். இடம் போதவில்லை என்று பழைய லாகை ஆர்.எம். போட்டு அழித்தும் இடம் வரவில்லையா? எந்த புரோகிராமோ அந்த ஃபைலின் டோக்கனை இன்னும் வைத்திருக்கிறது என்று அர்த்தம். டோக்கன் திரும்பினால்தான் இடமும் திரும்பும்.

இதையெல்லாம் செய்து பார்க்க விலை கொடுத்து ஒன்றும் வாங்க வேண்டாம். வீட்டில் ஒரு பழைய மெஷின் போதும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அதிலும் இதே கட்டளைகள்தான். சந்தேகம் கேட்க விழுப்புரத்திலேயே வி.ஜி.எல்.யு.ஜி. என்கிற குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழில் படிக்க கணியம் வெளியிட்ட எளிய தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. சாஃப்ட் லிமிட்டை வேண்டுமென்றே 20 ஆகக் குறைத்து (யூலிமிட் -எஸ்என் 20, இதில் எஸ் மட்டும் பெரிய எழுத்து) உங்கள் புரோகிராமை அதில் ஓட்டிப் பாருங்கள். நாலு நாள் காத்திருக்காமல் நாலு நிமிஷத்தில் ஓட்டை தெரிந்துவிடும். நாங்கள் இதைச் செய்யவில்லை.

அந்த பில் விவகாரம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. எந்த மெஷினிலிருந்து என்று சொல்ல எங்களிடம் ஒரு வரிகூட இல்லை. அந்த அக்காவை யாரும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் அவங்க பக்கத்தில் யாரும் டிபன் பாக்ஸைத் திறந்து உட்காரவும் இல்லை. அந்த மாசக் கடைசியில் அவங்களே நின்றுவிட்டார்கள்.

ரிசீவர் இன்னும் ஓடுகிறது. தினமும் மாலை 5 மணிக்குத் தன்னுடைய டோக்கன் எண்ணிக்கையை ஒரு ஃபைலில் எழுதி வைக்கும்படி செய்திருக்கிறோம். போன வாரம் சிஸ்டம்ஸ் சாருக்கு போன் பண்ணிக் கேட்டேன். 364 என்றார்.